தொண்டைமான் சீமையும் உபதேசியார்களும்

கறம்பக்குடிக்கு வடக்கே தஞ்சாவூர், கிழக்கே பட்டுக்கோட்டை, மேற்கே புதுக்கோட்டை. தொண்டைமான் மன்னர்களின் முன்னோர் தொண்டை மண்டலத்திலிருந்து வந்து முதலில் காலூன்றியது கறம்பக்குடி, அம்புக்கோவில் வட்டாரத்தில்தான் என்பது அவர்களது குடும்ப மரபு. தஞ்சை மராட்டியருக்கும் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கும் இடையே கிடந்த இந்த எல்லைப் பகுதியில் நின்று பார்த்தால், கிறிஸ்தவம் தமிழ்நாட்டின் உட்பகுதிக்குள் வந்த இரண்டு பெரும் வழிகளும் அருகருகே தெரியும். ஒன்று புதுக்கோட்டைச் சீமையின் வடமேற்கில் உள்ள ஆவூரில் கத்தோலிக்க இயேசு சபையார் அமைத்த பணித்தளம். மற்றொன்று தஞ்சைக் கோட்டையை ஒட்டி வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபை.

இரண்டின் வரலாறும் பெரும்பாலும் ஐரோப்பியக் குருமார்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஊர் ஊராக நடந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, சாகக் கிடந்தவருக்கு ஜெபம் சொல்லி, சண்டைகளைத் தீர்த்து வைத்தவர்கள் தமிழ் உபதேசியார்கள். பிற்காலத்தில் கடல் தாண்டியும் வடக்கே தெலுங்கு நாட்டுக்கும் சென்று நற்செய்தி சொன்ன தமிழர்கள் இவர்களுடைய வழித்தோன்றல்கள். இந்தத் தொடர்ச்சியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகராக வாழத் தொடங்கினார். அவர் தொடக்கம் தந்த மதுரை மறைப்பணித்தளம் மறவர் சீமை வரை விரிந்தது. 1693-இல் ஓரியூரில் ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1697-இல், பிரெஞ்சுக் குருவான வெனான்சியுஸ் பூஷே ஆவூரில் ஆலயம் எழுப்பினார். பின்னர் வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றினார். இன்றும் ஈஸ்டர் காலத்தில் ஆவூரில் பாஸ்கா நாடகமும் தேரோட்டமும் நடக்கின்றன.

பரந்த நிலப்பரப்பு, விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள், அடிக்கடி மூளும் பாளையப் போர்கள். ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே பெரிது. எஞ்சிய நாட்களில் அந்த ஊரின் சமய வாழ்வு எப்படி நடந்தது? குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களைக் காட்டிலும் நேரான விடை வீரமாமுனிவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் இருக்கிறது. கத்தோலிக்க வழக்கில் வேதியர் என்பவர் உபதேசியார். அவர் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று அவருக்காகவே எழுதப்பட்ட கையேடு அது. ‘தேம்பாவணி’ பாடிய புலவர் ஊர் ஊராகச் சுற்றும் உபதேசியாருக்குத் தனி நூல் எழுத நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதே, பணித்தளத்தின் பாரம் யார் தோளில் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் இந்நூலை மொழிநடைக்காகக் குறிப்பிடுவதுண்டு. சமூக வரலாற்றுச் சான்றாகவும் அதை வாசித்தாக வேண்டும்.

இதே காலத்தில் கிழக்குக் கடற்கரையில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1706 ஜூலை 9 அன்று பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சாவும் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கே அச்சுக்கூடம் வந்தது. 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தஞ்சை மன்னரின் நாட்டுக்குள் மிஷனரிகள் விரும்பியபடி நடமாட அப்போது வழியில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை.

அப்படி எல்லை தாண்டிய புத்தகம் தஞ்சைப் படையில் சேவை செய்துவந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்க வீரரின் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து மனம் மாறி, 1720களின் இறுதியில் தரங்கம்பாடியாரோடு தொடர்பு கொண்டு, தஞ்சைச் சீமையில் உபதேசியாரானார். சொந்த உறவினரும் பழைய சபையாரும் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். இரு சபைகளுக்கும் இடையே அப்போது நிலவிய பகையும் சிறிதல்ல. வீரமாமுனிவரே லுத்தரன்மாரை மறுத்து நூல்கள் எழுதியவர். அந்த மோதலின் நடுவில், எந்த ஐரோப்பியரும் நேரில் வந்து போதிக்காமலே, ஒரு படைவீரர் வாசிப்பின் வழியாகத் தன் முடிவுக்கு வந்தார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. உபதேசியார் நிலையைத் தாண்டித் தமிழர் குருவாகவும் உயர்ந்தது அடுத்த படி: 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குரு அவர்.

சுவார்ட்ஸ் ஐயர் வந்த பிறகு, தமிழர்களைக் கொண்டே போதிக்கும் இந்த ஏற்பாடு உறுதிப்பட்டது. 1750-இல் இந்தியா வந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ், 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும் 1778 முதல் தஞ்சையிலும் தங்கிப் பணியாற்றி, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே மறைந்தார். ஹைதர் அலி படையெடுப்பின்போது தஞ்சை மக்களைப் பட்டினி வாட்டியபோது நெல் திரட்டிக் கொடுத்தவர். இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளர் போலிருந்தவர். சரபோஜி மன்னர் அவருக்காக இங்கிலாந்தில் பிளாக்ஸ்மேன் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் இன்றும் தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. அந்தப் புகழுக்குப் பின்னால் அன்றாட நடைமுறை ஒன்று இருந்தது. காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம் செய்து, இன்ன ஊருக்கு இன்னார் என்று அனுப்புவார். மாலையில் திரும்பியதும் யாரைச் சந்தித்தார்கள், என்ன கேள்வி கேட்கப்பட்டது, என்ன பதில் சொன்னார்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார். தஞ்சையைச் சுற்றியிருந்த கிராமங்களில் நடந்த சமய உரையாடல் இவர்கள் வாய்மொழியாகவே நடந்தது.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. குளோரிந்தா தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்ததால் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அந்த அதிகாரி இறந்த பின், 1778-இல், பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. அந்தச் சிறு கூட்டத்துக்கு ஆலயம் கட்டியவரும், நிலையாக ஒரு போதகர் வேண்டும் என்று தஞ்சைக்கு வந்து மன்றாடியவரும் குளோரிந்தாவே. அதன் பலனாக அங்கே அனுப்பப்பட்டவர் உபதேசியார் சத்தியநாதன். திருநெல்வேலித் திருச்சபை என்று பின்னாளில் உலகம் அறிந்த பெரிய அமைப்பு, ஒரு தஞ்சைப் பெண்ணின் விடாப்பிடியிலும் ஒரு தஞ்சை உபதேசியாரின் நடையிலும் தொடங்கியது.

1790 டிசம்பரில் சத்தியநாதன் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் தமிழில் நிகழ்த்திய பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-இல் லண்டனில் அச்சிடப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மட்டுமே பிரசங்கம் வந்துகொண்டிருந்த காலத்தில், எதிர்த்திசையில் போன ஒன்று அது. தஞ்சையில் சத்தியநாதனைச் சந்தித்துக் கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம் தென்திசைக்குத் திரும்பிச் சென்று தம் உறவினரிடையே பேசினார். அதன் தொடர்ச்சியாக 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது.

தஞ்சைச் சபையின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காரும் வழக்கம் சுவார்ட்ஸ் காலத்திலும் தொடர்ந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு நீங்க வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையில் அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சுவார்ட்ஸ் வளர்த்த மாணவரும் ‘பெத்லகேம் குறவஞ்சி’ ஆசிரியருமான வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்றார். ஆணையை ஏற்காத பலர், 1840களில் வந்து சேர்ந்த ஜெர்மானிய லைப்சிக் மிஷனோடு இணைந்தார்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் லுத்தரன் சபை வேரூன்றியதற்கு இந்தப் பிளவும் ஒரு காரணம். அந்த மிஷன் வழியில் 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. நற்செய்தி பரவிய கதையைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதுவோர் இந்த நிகழ்ச்சியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஒரு சபை எத்தனை ஊர்களுக்குப் போனது என்பதோடு, போன ஊரில் யாரை யார் அருகில் உட்கார வைத்தது என்பதையும் வரலாறு கேட்டாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் மக்கள் நகர்ந்தார்கள். அவர்களோடு சபையும் நகர்ந்தது. இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கங்காணிகளின் பின்னால் புறப்பட்டன. அவர்களிடையே பணியாற்ற 1854-இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற அமைப்பு தொடங்கியது. பெயரே அக்காலத்தின் இழிபார்வையைக் காட்டுகிறது. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் மலையேறி, லயன்கள் என்ற தொழிலாளர் குடியிருப்புகளில் எழுத்தும் ஜெபமும் கற்பித்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து போன தமிழ் உபதேசியார்கள். சுவார்ட்ஸ் காலத்து நடைமுறை பாக் நீரிணையைத் தாண்டிவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களோடும் இதுவே நடந்தது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று லூர்து அன்னை ஆலயம் 1888-இல் எழுந்தது. மலாயாவின் லுத்தரன் சபையும் அங்கே குடியேறிய தமிழர்களால் உருவானதே.

இந்த நூற்றாண்டுகால ஓட்டத்தில் மிக அழகான திருப்பம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனின் கல்வியால் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஒரு மிஷனரிச் சங்கம் நடத்தினார்கள். அவர்கள் ஆள் அனுப்பிய இடம் புதுக்கோட்டைக்குத் தெற்கே, ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள தொண்டி. 1902-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அந்தச் சங்கத்தைப் பார்த்தார். சிறிய தீவின் சிறிய சபை கடல் கடந்து ஆள் அனுப்பும்போது, நூறாண்டைத் தாண்டிய திருநெல்வேலிச் சபை ஏன் ஒருவரையும் தன் செலவில் அனுப்பவில்லை என்ற கேள்வி அவரை உறுத்தியது.

1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நிஜாம் ஆட்சிப் பகுதியில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் முதல் பணித்தளமாயிற்று. தெலுங்கு மொழியைப் புதிதாகக் கற்று, பழக்கமில்லாத உணவும் காய்ச்சலும் தாங்கி அங்கே உழைத்தார்கள் தமிழர்கள். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் தொடங்கியபோதும் அசரியா முன்னணியில் இருந்தார். 1909-இல் தாமே தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியத் தோழர்களைச் சமமாக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவையில் அதிருப்தி எழுந்தது. அந்த மாநாட்டில் இன்றுவரை நினைவில் நிற்கும் உரை அதுவே. 1912 டிசம்பர் 29 அன்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் கல்கத்தாவில் அருட்பொழிவு பெற்றார்.

தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டை, அங்கிருந்து இலங்கைத் தோட்டங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டி, பாளையங்கோட்டையிலிருந்து தோர்ணக்கல். இந்த வழிகளில் பெரும்பகுதியை ஐரோப்பியர் திட்டமிடவில்லை. தமிழர்களின் உறவும் பிழைப்பும் மொழியுமே திசையைத் தீர்மானித்தன.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மத உரிமை பற்றிய விவாதம் நடந்தபோது, சமயத்தைப் பரப்பும் உரிமையை ஆதரித்துப் பேசியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் அவர் சொன்னார். அந்த உரிமை 25ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1977-இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில், ஒருவர் தம் சமயத்தை எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக் கொள்ளப்பட்டது. வெளிநாட்டு மிஷனரிகளின் வருகை குறைந்துவிட்டது. பணி முழுவதும் உள்ளூர்ச் சபையார் கையில் இருக்கிறது. பிலிப்பைன்சிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி, கிராமங்களில் நேயர் மன்றங்களை உருவாக்கி, சாதி சமயம் பாராமல் கடிதம் எழுதும் கூட்டத்தைச் சேர்த்தது.

கறம்பக்குடி போன்ற வட்டாரத்தின் கிறிஸ்தவ வரலாற்றை எழுத முனைபவருக்குச் சான்றுகள் நான்கு திசைகளில் சிதறிக் கிடக்கின்றன. கத்தோலிக்கப் பக்கத்தின் பழைய கடிதங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தரங்கம்பாடி, தஞ்சைப் பணியின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹல்லே நகரின் பிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து தொடர்ந்து அச்சான ஹல்லே அறிக்கைகளில் தமிழ் உபதேசியார்களின் பயணக் குறிப்புகளும் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வந்தன. எந்த ஊரில் தங்கினார்கள், எந்தச் சத்திரத்தில் யாரோடு பேசினார்கள், என்ன எதிர்வாதம் கேட்டார்கள் என்ற விவரங்களோடு, பஞ்சம், போர், விலைவாசி, சாதி வழக்கம் பற்றிய செய்திகளும் அவற்றில் உண்டு. கிறிஸ்தவ வரலாற்றுக்கு அப்பால், 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையின் வாழ்க்கையையே அவற்றிலிருந்து எழுதலாம். அந்தக் குறிப்புகளைத் தேடித் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையும், இங்குள்ள பங்குகளிலும் சபைகளிலும் பூச்சி அரிக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலையும் சேர்ந்து நடந்தால், பெயர் தெரியாமல் போன உபதேசியார்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தொகுக்கத் தொடங்கலாம்.