கோவையின் முதல் ஆயரும் அவர் கேட்ட அழைப்பும்

கோயம்புத்தூர்க் கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். தாம் எதற்காகப் பிறந்தோம் என்ற கேள்வியோடு வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு இருபத்தேழு வயது. கிடைத்த விடை அவரைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்தது. அதே விடைதான் பின்னர் அவரைப் பதவி துறக்கவும் வைத்தது. அவருடைய வரலாறு பிரான்சிலோ ஆப்பிரிக்காவிலோ பேசப்படும் அளவுக்குக் கோவையில் பேசப்படுவதில்லை. அது ஒரு குறைதான்.

1813 டிசம்பர் 2 அன்று தென் பிரான்சின் காஸ்தெல்நோதாரி நகரில், செல்வம் குன்றிப்போன ஒரு பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1838-இல் குருவாகி, சொந்த ஊரிலேயே புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிக் குருவாக அமர்ந்தார். மதிப்பான, நிம்மதியான வேலை. ஆனாலும் தொலைதூர நாடுகளில் மறைபணி செய்யவே கடவுள் தம்மை அழைக்கிறார் என்ற எண்ணம் அவரை விடவில்லை. தந்தை சம்மதிக்கவில்லை, மறைமாவட்ட ஆயரும் எளிதில் அனுமதி தரவில்லை. கிறிஸ்தவ மரபில் இப்படிப்பட்ட எண்ணத்தை உடனே நம்பிவிடக் கூடாது. செபத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆன்ம குருவிடம் மனத்தைத் திறந்து காட்ட வேண்டும், மேலிடத்தின் மறுப்பையும் ஒரு சோதனையாக ஏற்க வேண்டும். பிரெசில்லாக் இயேசு சபையாரிடம் தியானம் இருந்து தம் எண்ணத்தை அப்படிச் சோதித்தார். 1841-இல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் நாந்த் துறைமுகத்தில் கப்பலேறி, ஜூலை 24 அன்று புதுச்சேரியில் இறங்கினார்.

கொங்கு நாட்டுக்கு அப்போது கிறிஸ்தவம் புதிதல்ல. தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1623-இலேயே மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் சிற்றூர்களில் சபைகளை வளர்த்தார்கள். 1773-இல் அந்தச் சபையே கலைக்கப்பட்டது. அடுத்த கால் நூற்றாண்டு மைசூர்ப் போர்களில் கழிந்தது. இயேசு சபையாருக்குப் பின் பொறுப்பேற்ற பாரிஸ் சபையாரில் ஒருவரான துபுவா பாதிரியார், மைசூர் நாட்டில் நெடுங்காலம் உழைத்தவர். இந்தியரை மதம் மாற்றும் காலம் போய்விட்டது என்று எழுதிவிட்டு 1823-இல் பிரான்ஸ் திரும்பினார்.

பிரெசில்லாக்கிடம் அந்தச் சலிப்பு இல்லை. முதலில் சேலத்தில் தமிழ் கற்றுப் பணி செய்தவர், 1844-இல் புதுச்சேரியில் மறைபணியாளர்கள் கூடி நடத்திய சங்கத்துக்குப் பின் அங்கிருந்த குருமடத்தின் தலைவரானார். இந்தியருக்கு இந்தியரே குருக்களாகவும் ஆயர்களாகவும் வர வேண்டும், வெளிநாட்டு மறைபணியாளர் அதற்கு வழி செய்துவிட்டு விலகிவிட வேண்டும் என்பது அவர் உறுதி. அவருடைய நண்பர் லூக்கே சங்கத்தின் முடிவுகளை உரோமைக்கு எடுத்துச் சென்றார். 1845 நவம்பரில் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குமாறு உரோமையே அறிவுறுத்தியது. பிரெசில்லாக்கின் வாழ்வு நோக்கம் தெளிவான உருவம் பெற்றது இந்த ஆண்டுகளில்தான்.

அந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து கோயம்புத்தூர் தனியாகப் பிரிக்கப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, ஜெபமாலை மாதா திருநாள். அன்று கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயத்தில் அவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்திரண்டு. கோயம்புத்தூருக்கென ஒரு குருமடம் தொடங்கினார். நகரில், இன்றைய பெரிய கடைவீதியில், பேராலயத்துக்கு அடித்தளமிட்டார். அந்தப் பேராலயமும் அவருடைய சொந்த ஊர் ஆலயத்தைப் போலவே மிக்கேல் அதிதூதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரை வாட்டிய சிக்கல் வேறு. தெ நொபிலி காலம் முதலே தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாழ்க்கையில் பல உள்ளூர் வழக்கங்கள் தொடர்ந்தன. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைப்பது, ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கை அருவருப்புக் கருதி விட்டுவிடுவது என அவை பலவகை. இவற்றோடு சாதியும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் அவர்கள் வீட்டுக்குள் குரு போவதில்லை. அவர்களுக்கென்று தனிக் குருக்களே இருந்தார்கள். 1703-இல் புதுச்சேரி வந்த உரோமைத் தூதர் துர்னோன் மறு ஆண்டு இவற்றைக் கண்டித்து ஆணையிட்டார். நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின், 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்துவைத்தார். இந்தியா வரும் மறைபணியாளர் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் விதித்தார்.

நூறு ஆண்டு கழித்து அதே சத்தியத்தின் கீழ்தான் பிரெசில்லாக்கும் பணியாற்றினார். எந்த வழக்கம் வெறும் ஊர் மரியாதை, எது தடைசெய்யப்பட்ட சடங்கு, சாதிப் பாகுபாட்டை எந்த அளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பதில் குருவுக்குக் குரு கருத்து மாறியது. ஒருவர் அனுமதித்ததை அடுத்தவர் பாவம் என்றார். வழக்கங்களை அடியோடு ஒழித்தால் சபை கலைந்துவிடும் என அஞ்சினார் பிரெசில்லாக். கண்டும் காணாமல் விட்டால் செய்த சத்தியம் பொய்யாகும். தெளிவான தீர்ப்பு கேட்டு உரோமைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார், அது வரவில்லை. உள்நாட்டுக் குருக்களுக்குப் பொறுப்பு தருவதிலும் சக ஐரோப்பியர் பலர் தயங்கினார்கள். தம் மனச்சாட்சி ஏற்காத ஒன்றை ஆயர் என்ற நிலையில் நடத்திக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. பதவி விலக அனுமதி கேட்டார். 1855 மார்ச்சில் அது ஏற்கப்பட்டது.

இதைத் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் அது சரியான கணிப்பாகாது. விலகிய பின்னும் அவர் ஊரில் ஓய்வெடுக்கவில்லை. யாரும் போகத் துணியாத இடம் ஒன்றைத் தாருங்கள் என்ற வேண்டுகோளோடு, மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமே நாட்டைக் கேட்டார். தனியாகப் போகாமல் அதற்கென ஒரு சபையை நிறுவும்படி உரோமை சொன்னது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில், ஃபூர்வியேர் மாதா திருத்தலத்தில், ஆப்பிரிக்க மறைபணிச் சபை தொடங்கியது. ஆப்பிரிக்கருக்கு ஆப்பிரிக்கக் குருக்கள் என்பதே அதன் இலக்கு. கோவையில் முடியாமல் போன வேலையை வேறொரு மண்ணில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். தகோமேக்குப் பதில் சியரா லியோன் ஒதுக்கப்பட்டது. 1859 மே மாதம் ஃபிரீடவுனில் இறங்கியபோது அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடன் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ஜூன் 25 அன்று பிரெசில்லாக்கும் இறந்தார். வயது நாற்பத்தைந்து. ஃபிரீடவுன் மண்ணை மிதித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. லியோனில் இருந்த அகுஸ்தீன் பிளாங்க் சபையைக் கலைக்க மறுத்துத் தொடர்ந்து நடத்தினார். அதே சபையிலிருந்து இன்று ஆப்பிரிக்கரும் இந்தியரும் மறைபணிக்குச் செல்கிறார்கள். 2020 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் பிரெசில்லாக்கை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

கோவையில் அவர் தொடங்கிய பேராலயம் 1867-இல் முடிந்தது. 1886-இல் கோயம்புத்தூர் மறைமாவட்டமாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் இலத்தீன் முறையின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் 1923-இல் தூத்துக்குடியில் அமர்ந்தார். கோவைக்கு அந்த நாள் வர 1940 வரை ஆனது. அந்த ஆண்டு உபகாரசாமி பெர்னதோத் ஆயரானார். பிரெசில்லாக் பதவி துறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.