இடைச்செருகல்

யார் பெரியவர் என்ற சண்டை சங்கரன்கோவில்காரர்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரின் தலபுராணமே அதில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவருக்குச் சிவன் பெரிது, மற்றவருக்குத் திருமால். பஞ்சாயத்து கோமதி அம்மனிடம் போகிறது. அம்மன் தவமிருக்க, பாதி அரன் பாதி அரியாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். ஆடித்தபசு அன்று ஊரே திரண்டு இந்தச் சமரசத்தைக் கும்பிடுகிறது. பிறகு நெற்றியில் புற்றுமண்ணோடு டீக்கடைக்கு வந்து அடுத்த சண்டையை ஆரம்பிக்கிறோம்.

பெருந்தொற்றுக் காலத்தில் லேப்டாப்போடு ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருவன். ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறு மாலைகளில் ஐந்தாறு பேர் கூட ஆரம்பித்தோம். விமர்சனமும் கோட்பாடும் மட்டும்தான் பேசுவது என்று முடிவு. கதையை வீட்டில் தனியாகப் படித்துக்கொள்ளலாம், கோட்பாட்டைத் தனியாகப் படித்தால் ஒன்று தூக்கம் வரும், இல்லையென்றால் திமிர் வரும். எனக்கு இரண்டாவது வந்தது.

அந்த ஞாயிறு நான் கொண்டுபோயிருந்தது தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்'. 1982இல் வந்த புத்தகம். விசைத்தறியில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' கொண்டுவந்திருந்தார். அது 1964. ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்தப் பாட்ட எங்கம்மை வேற மாதிரி பாடுவா தம்பி" என்றார். நான் விடவில்லை. பாடுகிறவர் முக்கியமில்லை, அமைப்புதான் முக்கியம், ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலன் பார்த் 1967லேயே சொல்லியாயிற்று என்று அடித்துவிட்டேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினவன் செத்துட்டான்னே வைங்க. பாடுனவ உசிரோட இருக்காளே, அவள என்ன செய்ய?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த அரை மணி நேரம் அவர் வாயைத் திறக்க முடியாதபடி பேசினேன். குறி, குறிப்பான், இருமை எதிர்வு என்று எல்லாவற்றையும் இறக்கினேன். மறு ஞாயிறு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவர் வராமல் போன பிறகுதான், இந்தப் பக்கத்தில் எனக்கு முன்னால் இப்படி உட்கார்ந்து பேசியவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை. டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில்தான் வட்டத்தொட்டி கூடியது. டி.கே.சி. சட்டம் படித்தவர், ஆனால் அவருடைய வழக்கெல்லாம் கம்பனுக்காகத்தான். ஒரு செய்யுளை எடுத்து நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளம் கேட்பவர் உடம்பில் ஏறும்வரை விடமாட்டார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய ரசிகர்கள். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் குற்றாலத்துக்குப் போய் அவரைக் கேட்டிருக்கிறார்கள். பண்டிதர்கள் வைத்திருந்த கவிதையைச் சாதாரண வாசகனின் காதுக்குக் கொண்டுவந்தது அந்தக் கூட்டம்.

ஆனால் காதே நீதிபதியானால் ஒரு சிக்கல் உண்டு. தன் காதுக்கு ஒட்டாத கம்பன் பாடல்களை டி.கே.சி. இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். சுவடியில் இருப்பதை உன் ரசனைக்காக நீக்குவாயா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அடுத்த கூட்டம் பாளையங்கோட்டையில். நா. வானமாமலை ஆசிரியர் வேலையை விட்டவர், கம்யூனிஸ்ட், டுடோரியல் நடத்திப் பிழைத்தவர். 1960களின் பிற்பாதியில் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். கல்லூரி ஆசிரியர்களும் கட்சித் தோழர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழுக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் உருவானது இங்கேதான். எங்கள் ஆபீஸில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. எழுதியவனே தன் கோடுக்கு ஒப்புதல் தர முடியாது, இன்னொருவர் பார்த்தாக வேண்டும். ஆய்வுக் குழு எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இடைச்செருகல் என்ற சொல் இங்கேயும் வந்தது, வேறு அர்த்தத்தில். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனுக்கு மக்கள் இன்றைக்கும் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். சில வடிவங்களில் மட்டும், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வளர்ந்ததுதான் அங்கே என்று வருகிறது. இது பின்னால் செருகப்பட்டது என்றார் நா.வா. டி.கே.சி. காதால் தள்ளினார். நா.வா. வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு இந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்று கேட்டார்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. எதைத் தொட்டாலும் வர்க்கத்தில் கொண்டுபோய் முடிக்கிற பழக்கம், அந்த வழியில் வந்த பலருக்கு இருந்தது. அந்தச் சலிப்பு சேர்ந்திருந்த நேரத்தில்தான் பெங்களூரில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த தமிழவனின் புத்தகம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாளையங்கோட்டையிலிருந்தே 'மேலும்' இதழ் வந்து, அமைப்பியலைத் தென்கோடி வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. இன்ஜினியரிங் படித்த எனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. கதையைப் பிரித்து உள்ளே இருக்கும் லாஜிக்கைக் காட்டுகிறதே!

அந்த மயக்கத்திலேயே லெவி-ஸ்ட்ராஸிடம் போனேன். தொன்மத்தின் அமைப்பு பற்றி 1955இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு தொன்மத்துக்கு அசல், போலி என்று இல்லை. அதன் எல்லா வடிவங்களும் சேர்ந்ததுதான் அந்தத் தொன்மம், எதையும் தள்ளக்கூடாது என்கிறார். அப்படிப் பார்த்தால் பொம்மக்காவைப் பிராமணப் பெண்ணாக்கிய வடிவமும் கணக்கில் வர வேண்டும். ஏன் செருகினார்கள் என்று நா.வா. கேட்டதும் விடுபடக் கூடாது.

அண்ணாச்சியின் அம்மை வேற மாதிரி பாடியதும் ஒரு வடிவம்தானே! நான் தூக்கிப் பிடித்த கோட்பாடு சரியாகப் படித்தால் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அந்த அம்மாவிடம் போய்க் கேள். நான் அதைக் கொண்டே அவர் மகன் வாயை அடைத்திருக்கிறேன். வட்டத்தொட்டியில் அண்ணாச்சி வாய்விட்டுப் பாடியிருப்பார். ஆய்வுக் குழுவில் அதை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். எங்கள் மாடியில்தான் அவருக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தோன்றியது.

'தமிழர் நாட்டுப்பாடல்க'ளை வாங்கி மறுபடி படித்தேன். பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயர், இடம் என்று போட்டிருக்கிறது. எஸ்.எம். கார்க்கி, சிவகிரி என்று திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். விளாத்திகுளம் பக்கத்து எஸ்.எஸ். போத்தையா பெயரும் வருகிறது. நா.வா. அந்தப் பெயர்களை விழுங்கிவிட்டுத் தன் பெயரை மட்டும் அட்டையில் போட்டிருக்கலாம். செய்யவில்லை.

போன மாதம்தான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன், வாய் வரவில்லை. அவரே சேரை எடுத்துப் போட்டு, காப்பி சொன்னார். பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"இப்ப அம்மைக்கு நெனவு சரியில்ல தம்பி. ரெண்டு வரி பாடுவா. அப்புறம் திரும்ப அதே ரெண்டு வரிதான்."

பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி காதருகே குனிந்து முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தார். பாடினார். புத்தகத்தில் இருப்பது போல இல்லை, வேற மாதிரிதான் இருந்தது. இரண்டு வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். கீழே இப்படிப் போட்டிருக்கிறேன்: சேகரித்தவர், அண்ணாச்சியின் பெயர், இடம், சங்கரன்கோவில்.

மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.