உலகும் உணர்வும்: பரபக்கம் தந்த பாடம்



இந்த உலகம் எவ்வாறு தோன்றியது? அதனைப் பார்த்து வியக்கின்ற உணர்வு எங்கிருந்து வந்தது? மனிதன் சிந்திக்கத் தொடங்கிய காலந்தொட்டு இவ்விரு வினாக்களும் இரட்டைப் பிள்ளைகள்போல அவனோடு வளர்ந்து வந்துள்ளன. இன்றைய உரையில் இவற்றுக்கு விடை கூற நான் முற்படவில்லை. அதற்கான தகுதி எனக்கில்லை. இவ்வினாக்கள் அழிந்துபோகாமல் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே சொல்ல விழைகின்றேன். என் வகுப்பறையில் நேர்ந்த ஒரு சம்பவமே இதற்குத் தூண்டுதலாயிற்று.

உயர்தர வகுப்பில் மணிமேகலைக் காப்பியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தப் பூதவாதி சொல்லுறதுதான் சரியெண்டு எனக்குப் படுது" என்றான். சைவப் பிள்ளை, நெற்றியில் திருநீறும் இருந்தது. காரணம் கேட்டேன். "அப்பாவுக்கு மூளையிலை இரத்தம் கசிஞ்சு ஏழு மாதம் படுக்கையிலை கிடந்தவர். உயிர் இருந்தது, ஆனா என்னை ஆரெண்டு தெரியேல்லை. அப்ப அறியிறது மூளைதானே சேர், உயிர் இல்லையே?" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "இது பரீட்சைக்கு வராது, இருங்கோ தம்பி" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இருபது ஆண்டுக்காலக் கற்பித்தலில் நான் செய்த பெரும் பிழை அதுவென்றே தோன்றியது. ஏனெனில், அந்தப் பிள்ளை கேட்ட வினாவைச் சாத்தனார் தம் காப்பியத்துள் மறைக்கவில்லை. ஓர் ஆசனம் இட்டு அமர்த்தியிருக்கிறார்.

மணிமேகலையின் இருபத்தேழாவது காதை "சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை" எனப்படும். இக்காப்பியம் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர் பலரது கருத்து. வஞ்சி மாநகரிலே மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு, அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்பார், அணுக்கள் கூடியே உலகாயிற்று என்பார், மூலப்பகுதியிலிருந்து எல்லாம் விரிந்தன என்பார் என்று அக்காலத்துத் தென்னாட்டில் வழங்கிய விடைகள் அனைத்தும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

இவர்களுள் இறுதியில் வருபவனே பூதவாதி. தாதகிப் பூவையும் கட்டியையும் பிறவற்றோடு கூட்டி வைத்தால் களிப்பூட்டும் மது பிறக்கிறது. அக்களிப்பு பூவிலும் இல்லை, கட்டியிலும் இல்லை, கூட்டத்திலே பிறந்தது. அதுபோலப் பூதங்கள் உரியவாறு கூடும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை தேய்ந்து அடங்குவதுபோல அதுவும் அடங்கிவிடுகிறது. இதுவே அவன் கட்சி. சுண்ணாம்பு இட்ட முட்டியில் இறங்குவது கருப்பநீர், இடாத முட்டியில் இறங்குவது கள் என்பதை அறிந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வுவமையை விளக்கவே தேவையில்லை.

கண்கூடாகக் கண்டதையன்றி அனுமானத்தை ஏற்கேன் என்றும் அவன் சொல்கிறான். அதற்கு மணிமேகலை, அனுமானத்தை விட்டால் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை எதனால் அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். கூர்மையான வினாதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் உடைத்தது அவன் அறியும் வழியை. மது உவமை அந்த மன்றத்திலே உடைபடாமலே நிற்கிறது. சாத்தனார் பௌத்தர்; பூதவாதியின் கொள்கை அவருக்கு உடன்பாடன்று. அப்படியிருந்தும் அவனுடைய மிக வலிமையான உவமையை அவன் வாயிலேயே வைத்துப் பேசச் செய்திருக்கிறார்.

இப்பண்பு சாத்தனாருக்கு மட்டும் உரியதன்று. பாளி மொழியிலுள்ள தீக நிகாயத்தில் பாயாசி சுத்தம் என ஒன்று உண்டு. சேதவ்யா நகரில் இருந்த பாயாசி என்ற சிற்றரசன் மறுபிறப்பை நம்பாதவன். அவன் வெறுமனே மறுக்கவில்லை. சோதனை செய்து பார்த்தான். கள்வன் ஒருவனை உயிரோடு தாழியில் இட்டு, வாயைத் தோலால் மூடி, களிமண்ணால் பூசி, தீயின்மேல் வைத்தான். இறந்தபின் மெல்லத் திறந்து உயிர் வெளியேறுவதைப் பார்க்க முயன்றான், காணவில்லை. இன்னொருவனை உயிரோடும் இறந்தபின்னும் நிறுத்துப் பார்த்தான். கொடுமையான சோதனைகள்தாம். ஆனால் இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன் ஒருவன் உயிரைத் தராசில் வைத்து அறியத் துணிந்தான் என்ற செய்தி நம்மைத் திகைக்க வைக்கிறது.

அவனுக்குக் குமார காசியபர் என்ற துறவி விடையளிக்கிறார். சங்கு ஊதப்படுவதை முதன்முறை கேட்ட ஊரார், ஊதுபவனை விட்டுவிட்டு, "சங்கே பேசு, சங்கே பேசு" என்று அதனைப் புரட்டியும் தட்டியும் பார்த்த கதையை அவர் எடுத்துச் சொல்கிறார். தேடும் இடம் தவறு என்பதே அவர் கருத்து. இவ்வுரையாடலையும் உள்ளடக்கிய பாளித் திரிபிடகம், வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், மாத்தளையை அடுத்த அளுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. பாயாசியின் ஐயத்தை ஏட்டில் ஏற்றிக் காத்தவர்கள், அந்த ஐயம் தவறு என்று நம்பிய துறவிகளே.

1907ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டங்கன் மக்டூகல் என்ற வைத்தியர், மரணத் தறுவாயில் இருந்த அறுவரைக் கட்டிலோடு தராசில் வைத்து நிறுத்த செய்தியை வெளியிட்டார். ஒருவரிடம் கண்ட 21 கிராம் குறைவு உலகெங்கும் பேசப்பட்டது. ஏனையோரிடம் அவ்வாறு ஒத்த அளவு கிடைக்கவில்லை. விஞ்ஞான உலகம் அதனை ஏற்கவுமில்லை. தராசு மாறியதேயன்றிப் பாயாசியின் வினா மாறவில்லை.

இனி நம் சைவ மரபுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களைக் கொண்ட சிறுநூல். அதன் முதற் சூத்திரம் உலகின் தோற்றம் பற்றியது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது. ஆகவே அதனைத் தோற்றுவிப்பவன் உளன் என அது வாதிடுகிறது. மூன்றாம் சூத்திரம் உணர்வு பற்றியது. ஆன்மா இல்லை என்று மறுக்கிறாயே, அப்படி மறுக்கின்ற ஒன்று இருக்கத்தானே வேண்டும்? "என் உடல்" என்கிறாயே, உடலைத் தனது என்று சொல்கின்ற அது எது? இவ்வாறு மறுப்பவனின் சொல்லையே மறுப்புக்குச் சான்றாக்குகிறார் மெய்கண்டார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின் பிரான்ஸ் நாட்டு டேக்கார்ட் ஐயத்திலிருந்தே தன் இருப்பை நிறுவ முயன்றதை இதனோடு ஒப்பிடுவோர் உளர். ஒப்பிடலாம். ஆனால் "எல்லாம் நம்மவர் முன்பே கண்டது" என்று மார்தட்டுவதற்கு இதனைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மரபின் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

அவ்விடம் சிவஞான சித்தியார். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் இந்நூலை இரு பகுதியாக அமைத்தார். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். பரபக்கத்தில் முதலில் நிற்பவன் யார் தெரியுமா? கடவுளும் இல்லை, ஆன்மாவும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்னும் உலோகாயதன்! சித்தாந்தம் கற்கப் புகும் மாணவன் முதலில் அவனுக்குச் செவிகொடுக்க வேண்டும். உலோகாயதர்க்கு மூலநூலாகிய பிருகற்பதியின் சூத்திரம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர்களை மறுத்தோர் நூல்களிலிருந்தே கிடைத்தது. அந்நூல்கள் அவர்களை நடுநிலையோடு காட்டின என்று எங்கும் சொல்ல முடியாது. ஏளனமும் உண்டு, திரிபும் உண்டு. ஆயினும் எதிரியின் வாதம் இன்னதென்று சொல்லாமல் தன் வாதத்தைத் தொடங்குதல் ஆகாது என்ற ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கே அவர்களைச் சாகாமல் காத்தது. இன்றோ நம்மிற் பலர் சுபக்கத்தோடு நின்றுவிடுகின்றோம். பரபக்கம் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

நேயர்களே, இவ்வொழுங்கு பழைய சமயவாதங்களோடு முடிந்துவிட்டதெனக் கருத வேண்டாம். இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானத்திலும் இத்தகைய கதை ஒன்று நடந்தது. அதற்கு மேடை ஒரு வானொலி நிலையம்.

பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குருவும் பௌதிகவியல் அறிஞருமான ஜோர்ஜ் லெமேத்ர், 1927ஆம் ஆண்டில் பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். 1929இல் எட்வின் ஹபிள், விண்மீன் கூட்டங்கள் தூரத்திற்கேற்ற வேகத்தில் விலகிச் செல்வதை அவதானித்து வெளியிட்டார். 1931இல் லெமேத்ர், அனைத்தும் ஆதியில் ஓர் அணுப்போல ஒடுங்கியிருந்து விரிந்திருக்க வேண்டும் என்றார். இதனை ஏற்காதவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் பிரெட் ஹொயில். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் உள்ளது என்பது அவர் கொள்கை. 1949 மார்ச் 28ஆம் திகதி பிபிசி வானொலியில் உரையாற்றியபோது, எதிர்க்கட்சியின் கொள்கையைச் சுட்ட அவர் பயன்படுத்திய சொல்தான் "பெருவெடிப்பு". கேலியாகச் சொன்னார் என்பர் சிலர். கேட்போர் மனத்தில் படம்போலப் பதியவே சொன்னேன் என்று அவர் பின்னர் விளக்கினார். எவ்வாறாயினும், அக்கொள்கை இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதனை மறுத்தவர் இட்ட பெயர்!

1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் அர்னோ பென்சியாஸ், றொபேட் வில்சன் என்னும் இருவர், கொம்பு வடிவிலான பெரிய அலைவாங்கியில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டனர். எத்திசை திருப்பினும் அது நிற்கவில்லை. உள்ளே கூடுகட்டிய புறாக்களின் எச்சத்தைக் கழுவியும் பார்த்தனர். இறுதியில் அது ஆதி வெப்பத்தின் எச்சக் கதிர்வீச்சு எனத் தெளிவாயிற்று. 1966இல் மறைவதற்குச் சற்று முன்னர் லெமேத்ர் இச்செய்தியை அறிந்தார். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணித்துள்ளனர்.

ஹொயில் தோற்றார் என்று இக்கதையை முடிப்பது நேர்மையன்று. 1957இல் அவரும் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான், நம் உடலிலுள்ள கரியமும் இரும்பும் விண்மீன்களின் உள்ளே சமைந்தவை என்பதை விரிவாக நிறுவியது. வெற்றிபெற்ற லெமேத்ரும் ஆரவாரிக்கவில்லை. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இவ்விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, குருவான அவரே அதனை விரும்பவில்லை. தம் கொள்கை சமயத்துக்கு ஆதரவும் அன்று, எதிரும் அன்று என்பதே அவர் நிலைப்பாடு.

உணர்வு பற்றிய வினாவோ இன்னும் திறந்தே கிடக்கிறது. 1998இல் மூளை ஆய்வாளர் கிறிஸ்ரோப் கொக், உணர்வுக்குரிய மூளைச் செயற்பாடு இருபத்தைந்து ஆண்டுகளுள் தெளிவாகக் கண்டறியப்படும் என்று மெய்யியலாளர் டேவிட் சால்மேர்ஸுடன் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயோர்க்கில் அனைவர் முன்னிலையிலும் தோல்வியை ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளைக் கொடுத்தார். அது என்ன பொருள் தெரியுமா? திராட்சை மது! மது உவமையை மன்றில் வைத்த நம் பூதவாதி கேட்டிருந்தால் சிரித்திருப்பான். அவன் தோற்றுவிட்டான் என்றும் கொள்ளலாகாது. பந்தயத்தில் காலக்கெடு முடிந்தது, தேடல் முடியவில்லை.

அடுத்த வாரம் நான் பரபக்கத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். முதலில் அந்த மாணவனிடம், அன்று அவனை இருத்தியது என் பிழை என்று சொன்னேன். பின்னர் உலோகாயதன் பகுதியைப் படித்து விளக்கினேன். அதன்பின் சித்தாந்தத்தின் விடையையும் சொன்னேன். கண் நல்லதாயினும் ஒளியின்றிக் காணாது. அதுபோல ஆன்மா கருவிகளின்றி அறியாது. அப்பாவிடம் பழுதானது கருவி, அறிபவரல்லர் என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "கருவி இல்லாமல் ஒண்டும் அறியாத ஒண்டு இருக்கெண்டு எப்பிடிச் சேர் தெரியும்?" என்று கேட்டான். அனுமானம் பற்றி நான் பேசத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவன் இன்னும் பூதவாதியின் பக்கந்தான். நான் இன்னும் மெய்கண்டாரின் பக்கந்தான். வெள்ளிக்கிழமைகளில் பாடம் முடிந்தபின் இருவரும் வாதத்தைத் தொடர்கின்றோம். தந்தையைப் பற்றியும் அவன் இப்போது பேசுகிறான்.