கலயத்துக்குள் வந்தது கொஞ்சம்தான்

அப்பாவுக்குப் பால் தெளித்த காலையில் சாம்பலில் சூடு இன்னும் இருந்தது. பால் பட்ட இடத்தில் சுர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி. முசிறிப் பக்கம் காவிரிக்கரைச் சுடுகாடு அது. காலில் தொடங்கித் தலைவரை எலும்பு பொறுக்கச் சொன்னார் மயானத்துப் பெரியவர். “பதனமா எடுங்க தம்பி, அழுத்துனா பொடிஞ்சிரும்.” சுண்ணாம்புக் கட்டியாய் வெளுத்த துண்டுகள், ஒன்றோடொன்று பட்டால் ஓட்டாஞ்சில்லு போல ஒலித்தன. எல்லாம் போட்டும் மண்கலயம் பாதிதான் நிறைந்தது.

அப்பா அறுபது கிலோ இருந்தார். மீதி எங்கே?

மீதி முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். வறட்டியும் விறகும் பற்றிக்கொண்டதும் முதலில் ஆவியானது அதுதான். அடுத்தது கார்பன். அறுபது கிலோ உடம்பில் சுமார் 11 கிலோ கார்பன் உண்டு. ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு அது 40 கிலோ கரியமில வாயுவாகிறது. நாங்கள் தலை முழுகி வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவின் பெரும்பங்கு ஆற்றின் மேலே காற்றோடு கலந்துவிட்டது.

சிதையின் சூடு ஆயிரம் டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை அது அவிழ்க்கும். அணுவை ஒன்றும் செய்யாது. ஓர் அணுவை வேறோர் அணுவாக்கக் கோடிக்கணக்கான டிகிரி வேண்டும். அது நட்சத்திரங்களின் உள்ளே நடக்கிற வேலை.

கரியமில வாயு உலகக் காற்று முழுவதிலும் பரவிக் கலக்க ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பாவின் கார்பன் அவ்வளவும் காற்றிலேயே தங்கியிருந்தால், நான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அவர் உடம்பில் இருந்த கார்பன் அணுக்கள் ஏறத்தாழ 60,000 இருக்கும். கடலும் செடிகொடிகளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் இது குறையும், அப்போதும் ஆயிரக்கணக்கில்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். எனக்கு ஆறுதல் தந்தது இந்தக் கணக்கு.

கலயத்துக்குள் வந்தது எரியாத பங்கு. பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. நம் எலும்பு ஓயாமல் கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஏறக்குறைய பத்தாண்டில் எலும்புக்கூடே மாறிவிடும். ஆகவே நான் பொறுக்கிய எலும்பு அப்பா கடைசிக் காலத்தில் சாப்பிட்ட சோறும் மோரும்தான். கையில் அகப்பட்ட கடைவாய்ப் பல் துண்டின் கதை வேறு. பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் மாறாது. அதிலிருந்த கால்சியம் அப்பாயி அவருக்குச் சின்ன வயதில் ஊட்டிய கேழ்வரகுக் கூழிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதைக் கலயத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. பிறகு போட்டேன்.

அந்தச் சோற்றுக்குள் பாஸ்பரஸ் எப்படி வந்தது? அப்பா வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் டிஏபி உர மூட்டையைப் பிரித்து வயலில் வீசுவார். டிஏபிக்கான பாஸ்பரஸை நம் நாடு பெரும்பாலும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறது. மொராக்கோவின் பாஸ்பேட் பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. இன்றும் அவற்றை உடைத்தால் சுறாப்பல் கிடைக்கிறது, மீன் எலும்பு கிடைக்கிறது. அந்தப் பாறை உரமாகி, நெல்லாகி, அப்பாவின் முழங்கால் எலும்பானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பூமி உருவாவதற்கு முன் அதே பாஸ்பரஸ் பெரிய நட்சத்திரங்களுக்குள் பிறந்து, அவை வெடித்தபோது வெளியே சிதறியது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்தோம். சாம்பல் சற்று நேரம் பால்போல மிதந்தது. எலும்புத் துண்டுகள் உடனே அடியில் போயின. அவை சீக்கிரம் கரையாது, பாஸ்பரஸ் காற்றிலும் ஏறாது. வண்டலோடு வண்டலாக மெல்லத்தான் நகரும். முசிறிக்குக் கீழே முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் பிரிகிறது. அதற்கும் கீழே கல்லணை. வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் அங்கிருந்து தஞ்சை வயல்களுக்குப் போகின்றன. அப்பாவின் பாஸ்பரஸில் ஒரு பங்கை ஏதாவதொரு நெல்லின் வேர் பிடித்துக்கொள்ளும். மற்றது பூம்புகாருக்கு அப்பால் கடலடியில் படிந்து, பாறையாகி மேலே வரக் கோடி ஆண்டுகள் ஆகும்.

புதைத்தாலும் இதே பயணம்தான், தாமதம் கூடும். 1876-இல் ஜெர்மானியர் ஜாகர் ஆதிச்சநல்லூரில் தோண்டியதிலிருந்து எத்தனையோ முதுமக்கள் தாழிகள் வெளியே வந்துவிட்டன. தாமிரபரணிக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றுள் எலும்புகள் காத்திருந்தன.

கரையேறும்போது படித்துறையில் கண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். யார் யாரோ விட்டுப்போன பாலியெஸ்டர் வேட்டி, பிளாஸ்டிக் பை, ஜரிகை மாலை. சாம்பலை ஏற்றுக்கொள்ள ஆற்றுக்குத் தெரியும், இவற்றை எந்த வேரும் எடுத்துக்கொள்ளாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கரைக்கப் போகும்போது சாம்பலை மட்டும் ஆற்றில் விடுங்கள். பையையும் துணியையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.