நினைவகத்தின் திறப்பு ஆரிட்ட?

நாங்கள் பாவிக்கிற கணினியில வலையமைப்பு அட்டை, எஸ்எஸ்டி எல்லாம் ஒவ்வொரு பைட்டுக்கும் புரொசசரைக் கூப்பிடுறதில்லை. நினைவகத்துக்குள்ள தாங்களே போய் வாசிக்கும், எழுதும். இதுக்குப் பெயர் டிஎம்ஏ. வேகமானதுதான், ஆனால் காவலில்லாத வாசல். 2004இல் மக்சிமிலியன் டோர்ன்சைப் எண்ட ஆய்வாளர், லினக்ஸ் போட்ட ஐபாட் ஒண்டைப் பயர்வயரில செருகி, கணினியின் நினைவகத்துக்குள்ள போகலாம் எண்டு காட்டினார். பாட்டுக் கேட்கிற சாமான்!

இந்த வாசலுக்கு வந்த காவலாளிதான் ஐஓஎம்எம்யு. சாதனம் கேட்கிற முகவரியைத் தன்ர அட்டவணையில் பார்த்து, அனுமதி இருந்தால்தான் விடும். அந்த அட்டவணையை எழுதுறது கேர்னல். ஆனால் மெய்நிகர் இயந்திரம் ஒண்டுக்கு உண்மையான அட்டையைக் கையளிக்கும்போது, கியூஇஎம்யு மாதிரி ஒரு சாதாரண நிரலும் "இந்தச் சாதனத்துக்கு இந்த நினைவகத்தைக் காட்டு" எண்டு கேட்க வேணும். எப்படிக் கேட்கிறது?

2012இல் லினக்ஸ் 3.6ஓட வந்த விஎஃப்ஐஓ சொன்ன வழி: முதலில் ஒரு கொள்கலனைத் திற (டொக்கர் கொள்கலன் இல்லை, அது அடுத்த வருசம்தான் வந்தது). அதுதான் முகவரி வெளி. அதில் தனிச் சாதனத்தை இல்லை, சாதனங்களின் குழுவைச் சேர். ஏன் குழு? ஒரே பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற ரெண்டு அட்டைகள், காவலாளியின் கண்ணில் படாமலே தங்களுக்குள்ள கதைக்கலாம். ஒண்டை மெய்நிகர் இயந்திரத்துக்கும் மற்றதைக் கேர்னலுக்கும் குடுத்தால், நடுவில சுவர் இல்லை எண்டுதான் அர்த்தம்.

எங்கட பார்வையில் இது வன்பொருளுக்கு நேர்மையான வடிவம். பாவிக்கிற ஆளுக்குத்தான் பொருந்தேல்லை. பிறகு ஒரே அட்டையைப் பல செயல்முறைகள் பங்குபோடுற காலம் வந்தது, ஒவ்வொண்டுக்கும் தனி முகவரி வெளி. குழுவைத்தான் சேர்க்கலாம் எண்டால், ஒரு சாதனத்துக்கே பல வெளிகளை எப்படிப் பொருத்துறது? விடிபிஏ மாதிரி வேறு பகுதிகளும் அதே வேலையைத் தாங்கள் திரும்ப எழுத வேண்டி வந்தது.

2023 பெப்ரவரியில், லினக்ஸ் 6.2இல், ஜேசன் கன்தோர்ப் முன்னெடுத்த ஐஓஎம்எம்யுஎஃப்டி வந்தது. இதில் முகவரி வெளிதான் முதல் பொருள். அதை உருவாக்கி, நினைவகத்தைப் பொருத்தி, பிறகு சாதனத்தைக் கொண்டுவந்து இணைக்கலாம். குழு காணாமல் போகேல்லை. கேர்னலுக்குள்ள ஒதுங்கி நிண்டு, விதி மீறினால் மறிக்கும்.

அப்ப பழசைத் தூக்கி எறியலாமா? ஏலாது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது எண்டது லினஸ் டோர்வால்ட்ஸின் பிடிவாதம். அதனால 2012இன் கட்டளைகளுக்குப் பதில் சொல்ல ஐஓஎம்எம்யுஎஃப்டிக்குள்ளேயே ஓர் அடுக்கை எழுதினார்கள். அப்படி அமைத்த கேர்னலில் பழைய நிரல் இப்பவும் கொள்கலனைத் திறக்குது. உள்ள இருக்கிறது வேற ஆள் எண்டு அதுக்குத் தெரியாது.