ஊர் திரும்பிய இசைத்தட்டு

வகுப்பறையில் நாம் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: காலம் ஒரு முறம், பதர் பறக்கும், மணி தங்கும். பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த அதனை ஐயுற வைத்தது, 1981இல் வெளியான ஓர் இசைத்தட்டு.

மாணவப் பருவத்தில் வாங்கிய ஒலிநாடா ஒன்றை இன்றும் வைத்திருக்கிறோம். ஆர்.ஈ.எம். குழுவின் 'அவுட் ஆஃப் டைம்' (1991) அது. அதில் துணைக் கலைஞராக வாசித்த பீட்டர் ஹோல்சாப்பிள் யார் என்று தேடப் புகுந்தபோது, 'தி டிபீஸ்' என்னும் குழுவும் அதன் முதல் தொகுப்பான 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபல்ஸ்' என்பதும் தெரியவந்தன. டெசிபல் என்னும் ஒலியளவின் சுருக்கமே குழுவின் பெயர்.

கிறிஸ் ஸ்டேமி, ஹோல்சாப்பிள், ஜீன் ஹோல்டர், வில் ரிக்பி ஆகிய நால்வரும் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரத்தவர். நியூயார்க் வந்து குழுவானவர்கள். இவர்களது இசைவகையைப் 'பவர் பாப்' என்பர். 1967இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் வழங்கிய சொல் அது. பீட்டில்ஸ் காலத்து இனிய மெட்டு, கணீரென்ற கித்தார், இணைந்தெழும் குரல்கள், சுருங்கிய நேரம் ஆகியவையே அதன் இலக்கணம். தொகுப்பின் பதினொரு பாடல்களுள் ஹோல்சாப்பிளுடையவை நேர்வழி செல்வன. ஸ்டேமியுடையவை எதிர்பாராத இடத்தில் திரும்புவன. இவ்விரு மனங்களின் இழுபறியே தொகுப்பின் அழகு.

பின் ஏன் மறக்கப்பட்டது? கேட்போர் இல்லாமையால் அன்று. இதே வகையைச் சார்ந்த 'தி நாக்' குழுவின் 'மை ஷரோனா' 1979இல் அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆயின் டிபீஸ் தொகுப்பை வெளியிட்டது இங்கிலாந்தின் ஆல்பியன் நிறுவனம். சொந்த நாட்டில் அது இறக்குமதிச் சரக்காகவே விற்றது. சுவை தோற்கவில்லை, சரக்கு போகும் பாதை தோற்றது.

இதற்கு முன்னோடியும் உண்டு. மெம்பிஸ் நகரின் 'பிக் ஸ்டார்' குழு 1972இல் வெளியிட்ட முதல் தொகுப்பு, விமரிசகர்கள் போற்றியும் கடைகளுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை. அக்குழுவின் அலெக்ஸ் சில்டனோடு 1977இல் வாசித்தவர் ஸ்டேமி. அதே குழுவின் கிறிஸ் பெல் பாடிய 'ஐ ஆம் தி காஸ்மாஸ்' தனிப்பாடலை 1978இல் தம் சிறு நிறுவனத்தின் வழி வெளியிட்டவரும் அவரே. அவ்வாண்டின் இறுதியில் பெல் சாலை விபத்தில் இறந்தார். கைவிடப்பட்டோர் குரலைத் தாங்கி வந்தவரின் குரலும் பின்னர்க் கைவிடப்பட்டது.

இடையில் குறுந்தகடாக வந்தபோதிலும், அமெரிக்காவில் இத்தொகுப்பு முதன்முறையாக இசைத்தட்டாக வெளிவந்தது 2024இல்தான். நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

முறம் தானே புடைப்பதில்லை. அதைப் பிடிக்கும் கை வேண்டும். அந்தக் கைகள் பிழைபடும்போது மணியும் பறந்துபோகும். குனிந்து பொறுக்குவோர் சிலர் இருந்தால் மட்டுமே மீளும். இனி வகுப்பில் அவ்வாக்கியத்தை இதையும் சேர்த்தே சொல்வோம்.