ஷாவிலிருந்து செக்போஸ்ட் வரை

தேர்தல் நேரத்தில் பத்திரிகையைப் பிரித்தால், கூட்டணிக் கட்சிக்கு யாரோ 'செக் வைத்திருப்பார்'. அடுத்த பக்கத்தில் செக்போஸ்டில் பிடிபட்ட பணம் இருக்கும். ஆங்கில அகராதியிலோ இந்த 'செக்' பக்கம் பக்கமாக நீளும். தடுத்தல், அடக்குதல், கண்டித்தல், சரிபார்த்தல், கட்டம் போட்ட துணி, சரி என்று போடும் குறி, அமெரிக்காவில் ஹோட்டல் பில். உறவே இல்லாதவர்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துவதுபோல் தோன்றும். உண்மையில் எல்லோரும் பங்காளிகள். மூதாதை ஒரு பாரசீக ராஜா.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து இந்தியாவில் ஆடிய சதுரங்கம், சுமார் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய்ச் 'சத்ரங்' ஆயிற்று. அங்கே ராஜாவுக்குப் பெயர் ஷா. எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் 'ஷா!' என்று குரல் கொடுப்பார்கள். எதிராளி வேறெந்தக் காயையும் தன் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. முதலில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதிலே இல்லையென்றால் 'ஷா மாத்'. இதை அரபு வழியில் 'ராஜா செத்தான்' என்று சொல்வதுண்டு. 'ராஜா செய்வதறியாது நின்றான்' என்ற பாரசீக வழி விளக்கமும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மற்ற காய்களெல்லாம் வெட்டுப்பட்டு வெளியே போகலாம். ராஜா மட்டும் கடைசிவரை பலகையில்தானே நிற்கிறார்!

அரபுகளோடு ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஷா, லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, இங்கிலாந்தில் 'செக்' ஆயிற்று. அந்த எஷெக்கின் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. ஆட்டத்தின் பெயரும் அதில் போடும் கூப்பாடும் ஒரே சொல்.

இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு அரசாங்க வேலையே கிடைத்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் அரசரின் வரவுசெலவைத் தணிக்கை செய்ய ஒரு மேசை போட்டார்கள். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசு உருண்டு விழாதிருக்கச் சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் செய்வது பெரும்பாடு என்பதால், வில்லைகளை அடுக்கியும் எடுத்தும் கணக்குப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாக்கி எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். மேசை சதுரங்கப் பலகையாகத் தெரிந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

அங்கே பொக்கிஷதாரராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அந்த அலுவலகம் நடந்த முறையைப் பற்றி 1170களின் இறுதியில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். சதுரங்கத்தில் இரு ராஜாக்கள் மோதுகிறார்கள். இங்கே பொக்கிஷதாரரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்கிறார் அதில். மாவட்டத்தில் வரி வசூலித்த ஷெரிஃப் வருடம் இருமுறை அந்த மேசை முன் வந்து, ஒவ்வொரு பென்னிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்ட ராஜாவின் நிலைமைதான். 'செக்' என்பதற்குச் சரிபார்த்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது என்றாலும், அந்த வேலை அதற்கு முன்பே இங்கே நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பலகையின் கட்டங்கள் துணிக்கும் பெயர் கொடுத்தன. கட்டம் போட்டதெல்லாம் 'செக்ஸ்' ஆயிற்று. சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்து கப்பலேறிய கைக்குட்டைத் துணி உலகச் சந்தையில் 'மெட்ராஸ் செக்ஸ்'. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அந்தத் துணியை வாங்கி, இடையிடையே நூலை வெட்டி உருவிப் புதுக் கோலம் வரவைத்து உடுத்தினார்கள். நம் லுங்கியின் கட்டத்துக்கு ஒரு ராஜாவின் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது லுங்கிக்குப் பெருமையா, ராஜாவுக்குப் பெருமையா, தெரியாது.

எக்ஸ்செக்கர் இன்னொரு பழக்கத்தையும் நெடுநாள் விடாமல் வைத்திருந்தது. கொடுத்த தொகையை ஒரு குச்சியில் வெட்டுகளாகக் குறித்து, குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஒருவர் மட்டும் கூடுதலாக வெட்டி ஏமாற்ற முடியாது. 1826இல் இந்த முறை ஒழிந்தது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். நாடாளுமன்றக் கட்டடமே பற்றி எரிந்தது. குளிர்காயும் விறகாக ஏழைகளுக்குக் கொடுத்திருந்தால் நாட்டுக்குச் செலவு மிச்சம்.

அதே யோசனைதான் காகிதத்துக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கியில் 'செக்' என்றால் பணம் தரச் சொல்லும் தாள் அல்ல; கிழித்துக் கொடுத்தபின் கையில் மிஞ்சும் அடிக்கட்டை. மோசடியைத் தடுப்பதே அதன் வேலை. பிறகு பெயர் அடிக்கட்டையை விட்டுக் கிழித்த தாளின்மேல் ஏறிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் எழுத்து ஞாபகத்தில் ஆங்கிலேயர் அதன் கடைசி எழுத்துகளை மாற்றி எழுதினார்கள். அமெரிக்கர்கள் மாற்றவில்லை. நாம் ஆங்கிலேயர் எழுதியபடியே எழுதி, தமிழில் காசோலை என்று பெயர் வைத்து, பேச்சில் மட்டும் 'செக்' என்றே வைத்துக்கொண்டோம்.

மோசடியைத் தடுக்கப் பிறந்த பெயரிலேயே 'செக் மோசடி' என்று ஒரு குற்றமும் வந்து சேர்ந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் திரும்பிய கையோடு வழக்குப் போட முடியாது. எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை.